பேண்டு அண்ணன் வாங்கிய காசு

நம் பள்ளிக்கூட பேண்டில் என்னோடு நடந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். போனில் சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லக்கூட வாய் வராமல் கையை மட்டும் தூக்குவேன். சைடு டிரம்மைக் கழுத்தில் மாட்டினால்தான் நான் இருப்பதே ஊருக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நடுவில் விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நம் வாட்ஸ்அப் குழுவில், பெரிய டிரம் அடித்தவன் ஒரு செய்தியைப் போட்டான். பேண்டு அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்துவிட்டார், அடக்கம் செய்யக் கையில் ஒன்றும் இல்லை, தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று இருந்தது. கீழே யாரோ ஒரு பையன் பெயரில் பணம் அனுப்பும் எண். உனக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டால், யாரோ அனுப்பினார்கள் என்றான். போலீஸில் இருக்கும் நம் ஆள் உடனே குரல் பதிவு போட்டான். “எவனும் காசு அனுப்பாதீக. இப்ப இதையே தொழிலா வச்சு அலையுதானுவ. செத்தவன் பேரைச் சொன்னா யாரும் கணக்குக் கேக்க மாட்டாகன்னு தெரியும்.”

கிட்டத்தில் இருப்பவள் நான்தான் என்று என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னீர்கள்.

எனக்கும் சந்தேகம்தான். என் வேலையே அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணியை இழுத்து, விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு என்று பார்த்து ஒதுக்க வேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்து, எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கறைதான் தெரிகிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பையில் காசு எடுத்துக்கொள்ளவில்லை. ஏமாற்றுக்காரர்கள் வீட்டுக்குக் காசோடு போகக் கூடாது என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் அந்த ஏழாம் வகுப்பு மார்கழிதான் வந்தது. உங்களுக்கும் மறந்திருக்காது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து, குடியரசு தினத்துக்கு நாம் தயாராகிக்கொண்டிருந்தோம். மேற்கே மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருக்கும். மில் சங்கு ஊதி, இரவு ஷிப்ட் முடிந்து கொஞ்ச நேரத்தில் பேண்டு அண்ணன் சைக்கிளில் வருவார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவரும் பேண்டேஜ் கம்பெனிதான். ரோல் வெட்டுகிற மெஷினில் வேலை. அந்த மெஷின் அவருடைய வலது ஆள்காட்டி விரல் நகத்தை நுனியோடு எடுத்திருந்தது. அந்த மொட்டை விரலால்தான் நம் டிரம்மைச் சுண்டிப் பார்ப்பார். தோல் தளர்ந்திருந்தால் வெயிலில் சாய்த்து வைப்பார். நம் கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தேய்ப்பார். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை வாங்கிவந்து, கஞ்சி போட்டு, நம் கணுக்காலில் இறுக்கிச் சுற்றிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டாளத்துக்காரர்கள் காலில் போடுவது மாதிரியே இருக்கும்.

அவருக்குப் பள்ளிக்கூடம் ஒரு பைசா கொடுத்ததில்லை. அவர் கேட்டதும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதுதான் உறுத்தியது. பட்டாளத்து பேண்டில் இருந்தவர் என்று சிலர் சொன்னார்கள். பட்டாளமாவது ஒன்றாவது, சர்ச் பேண்டில் டிரம் தூக்கினவன் என்று சிலர் சொன்னார்கள். துணியைக் கம்பெனியிலிருந்து திருடுகிறார் என்றும் பேச்சு இருந்தது. என் அப்பா மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் ஐந்து நிமிஷம் பிந்தி வந்தார்கள், யார் கார்டை யார் அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அவர் சொல்வார்: “சும்மா வேலை பாக்கிறவனை நம்பக் கூடாது. கூலி எங்கயோ இருக்கு. நமக்குத் தெரியல, அம்புட்டுதான்.”

பேண்டு அண்ணன் நமக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் இரண்டுதான். இடது கால் தரையில் படும்போது அடி விழ வேண்டும். இன்னொன்று, திரும்பிப் பார்க்கக் கூடாது. “பின்னால இடியே விழுந்தாலும் திரும்பாதீக. ஒருத்தி திரும்புனா வரிசையே போச்சு.” சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார். நான் வேடிக்கை பார்க்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நம்மில் எட்டுப் பேரை மட்டும் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே ஒரு பயிற்சி இருக்கிறது என்றார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஒரு தெருமுனையில் நிறுத்தி, பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து டிரம் முகத்தின்மேல் மூன்று சுற்று சுற்றிக் கட்டினார். டிரம்முக்குக் காயம் என்று சொல்லி நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக நடக்க வேண்டும், ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவே மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும் என்றார். அடித்துப் பார்த்தால் பஞ்சு மூட்டை விழுகிற மாதிரி தொப், தொப் என்று கேட்டது. பியூகிள்காரனை ஊதாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார். அவன் கேட்காமல் ஒரு ஊது ஊதிவிட்டான். அண்ணன் அவனை அத்தனை பேர் முன்னால் திட்டினார். அதற்கு முன்னால் அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.

நடந்தோம். தண்ணீர்த் தொட்டி வளைவில் எனக்குப் பின்னாலிருந்து ஊதுபத்தி வாசம் வந்தது. யாரோ எறிந்த செவ்வந்தி இதழ்கள் என் தோளில் விழுந்தன. நீங்கள் யாரும் திரும்பவில்லை. நான் திரும்பினேன்.

நான்கு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஒரு அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நடத்திவந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம். எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு அடி தவறியது. ஓரமாக வந்துகொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த மொட்டை விரலால் தன் நெஞ்சில் தட்டித் தாளத்தைக் காட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் நம்மை மதிலைப் பார்த்து நிற்கவைத்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா வந்து மடித்த நோட்டுகளை அவர் கையில் வைத்தார். அண்ணன் வேண்டாம் என்று தள்ளினார். அந்த அம்மா விடவில்லை. கடைசியில் அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு துணியை அவிழ்த்துவிட்டு வழக்கமான நடையில் திரும்பினோம். ரயில்வே கேட் பேக்கரி பெஞ்சில் நம்மை உட்காரவைத்து வேண்டுமளவு தேங்காய் பன்னும் கலர் சோடாவும் வாங்கிக்கொடுத்தார். “இன்னைக்கு நல்லா நடந்தீக” என்றார். பன் சூடாக இருந்தது. உள்ளே சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சிவப்புப் பழத்துண்டுகளும். காகிதம் எண்ணெயாகிவிட்டது. நான் இரண்டு தின்றேன். பெரிய டிரம்காரன் மூன்று தின்றான். இல்லை என்று சொல்லட்டும்.

வீட்டுக்குப் போனதும் அப்பா என் யூனிபார்ம் காலரிலிருந்து ஒரு செவ்வந்தி இதழை எடுத்தார்.

“ஏட்டி, இந்தப் பூ எங்கயிருந்து வந்துச்சு?”

சொல்லிவிட்டேன்.

“காசு வாங்குனானா?”

தலையை ஆட்டினேன்.

“நோட்டா, சில்லறையா?”

“நோட்டு.”

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “நான் சொன்னேன்ல, கூலி எங்கயோ இருக்குன்னு.” கோபத்தைவிட, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் அவர் முகத்தில் இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. “சாவுக்குக் கொட்டடிக்க அதுக்குன்னு ஆளு இருக்காங்க. எம் பொண்ணு எதுக்கு அடிக்கணும்?” அந்தப் பேச்சில் இருக்கிற அழுக்கு அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி மேசை தேவையில்லை. கொல்லையில் நிறுத்தி என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யூனிபார்மை ஊறப்போட்டார்கள். என் டிரம் குச்சி இரண்டையும் அப்பா வெந்நீர் அடுப்பில் வைத்தார். பேண்டு அண்ணன் என் கைக்கென்று செதுக்கித் தேய்த்துக் கொடுத்த குச்சிகள் அவை.

ஆமாம், சொன்னது நான். பியூகிள்காரன் இல்லை.

திட்டு வாங்கிய கோபத்தில் அவன்தான் சொல்லியிருப்பான் என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டினீர்கள். அவன் சட்டையில் மை தெளித்தீர்கள். வருஷ முடிவு வரைக்கும் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பீர்களே என்ற பயம். இத்தனை வருஷம் கழித்து நம் குழுவில்கூட, ‘பியூகிள் இருக்கான், பார்த்துப் பேசுங்க’ என்று கிண்டல் செய்தபோது நானும் சிரிக்கிற படம் போட்டேன். அன்று ராத்திரியே அவன் குழுவிலிருந்து வெளியே போய்விட்டான். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் இதை அவனுக்கு அனுப்புங்கள். அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் அறையில் விசாரணை நடந்தது. என் அப்பாவோடு இன்னும் நான்கைந்து அப்பாக்கள். நான் வெளியே குழாயடியில் நின்று கேட்டேன். பேண்டு அண்ணன் எதையும் மறைக்கவில்லை. இறந்தவர் தன்னோடு வேலை பார்த்தவர், பேண்டு வைக்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லை, தங்கள் சர்ச்சில் பேண்டு முன்னால் போவது இறந்தவருக்குச் செய்கிற மரியாதை, பிள்ளைகளும் மரியாதை செய்யட்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். நம் வீடுகளில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. காசு வாங்கினீர்களா என்று பெரிய டீச்சர் கேட்டார்.

“வாங்குனேன் டீச்சர்.”

“அந்தக் காசு எங்கே?”

“செலவாயிருச்சு.”

“என்ன செலவு?”

அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். அப்பா சிரித்தது வெளியே வரைக்கும் கேட்டது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குடியரசு தினத்தன்று நாம் தாளம் இல்லாமல் தடுமாறி நடந்தோம். காம்பவுண்டு சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றார். அவருடைய மொட்டை விரல் சைக்கிள் சீட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அன்று குச்சி இல்லை. யாரோ கொடுத்த பழைய குச்சி. கொஞ்ச நாளில் கம்பெனியில் அவருக்கு ‘சாவு பேண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் செய்தது முழுக்கச் சரி என்று இப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. நம்மிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நாம் நடந்திருப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, செய்தியில் இருந்த தெருவை விசாரித்துப் போனேன். ஒரே அறை வாடகை வீடு. பணம் அனுப்பும் எண் பக்கத்து வீட்டுப் பையனுடையது. அந்த வீட்டில் யாரிடமும் அப்படிப்பட்ட போன் இல்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பெஞ்சில் கிடத்தியிருந்தவரின் முகம் எனக்குத் தெரியவே இல்லை. கன்னம் ஒட்டி, பல் போய், யாரோ ஒரு கிழவர். யாருடைய பிணத்தையோ காட்டுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போனது. கால் பெருவிரல்களைச் சேர்த்துப் பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். இழை எண்ணிக்கையைப் பார்த்ததும் நம் ஊர்த் துணி என்று தெரிந்தது. நெஞ்சின்மேல் கைகளைக் கோத்து ஜெபமாலை வைத்திருந்தார்கள். வலது கை மேலாக இருந்தது. ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

வெளியே வந்து குழுவில் இரண்டே வார்த்தை போட்டேன். ‘உண்மைதான். அனுப்புங்கள்.’ நீங்கள் அனுப்பினீர்கள். யார் எவ்வளவு என்று எழுத மாட்டேன். பெட்டிக்கும் குழிக்கும் போதுமானது அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. பேண்டு வைக்காமல் அனுப்பக் கூடாது என்று பெரிய டிரம்காரன் தனியாக அனுப்பினான்.

பெட்டி வரும்வரை அவருடைய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பால்கோவா கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை பார்க்கிறவர். பிள்ளைகள் இல்லை. மதினி என்று கூப்பிட்டேன். அவர் என்னை நம்பவில்லை. ராஜபாளையத்திலிருந்தா, எந்தப் பள்ளிக்கூடம், இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சைடு டிரம் என்றேன். கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தார்.

“அப்ப நீங்களும் பன்னு தின்ன பிள்ளைதான்.”

எனக்குப் புரியவில்லை.

“அந்தச் சாவு வீட்டுக் காசுலதான் உங்களுக்கெல்லாம் பன்னு வாங்கிக் குடுத்தாவ. சாவு வீட்டுக் காசைக் கையில வச்சிருக்கப் பிடிக்கல, பிள்ளைகளுக்குன்னு செலவழிச்சிருவோம்னு. பள்ளிக்கூடத்துல கேட்டப்ப அதைச் சொல்லல. ஏன்னு நான் சண்டை போட்டேன். ‘டிரம் அடிச்சதுக்கே பிள்ளைகளக் குளிப்பாட்டிருக்காக. சாவுக் காசுல தின்னதும் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாக’ன்னு சொன்னாவ.”

அவரே தொடர்ந்தார். “நீங்க போனதும் வந்ததும் பாத்தவன் அந்தப் பேக்கரிக்காரன், அவன்தான் போய்ச் சொல்லிட்டான்னு அவியளுக்குச் சந்தேகம். கடைசி வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் போகல. அந்த ஊரு வழியா பஸ்ஸுல போனாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெட்டி வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று இப்போது காரணம் சொல்லலாம். உண்மை அதில்லை. வாய் வரவில்லை.

சிவப்புக் கோட்டு போட்ட பேண்டு செட் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். எடுத்த எடுப்பில் கல்யாண வீட்டில் வாசிக்கிற மாதிரி அடித்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கால்விரல் கட்டியதுபோக மிச்சமிருந்த பேண்டேஜ் ரோலை எடுத்துக்கொண்டு போய் டிரம்காரர் முன்னால் நின்றேன். மூன்று சுற்று சுற்றினேன்.

“சத்தம் வராதேக்கா” என்றார் அவர்.

“வர வேண்டாம்” என்றேன்.

எத்தனை இடைவெளி என்று விரலால் காட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்தத் தொப், தொப்தான். நான் பெட்டிக்கு முன்னால் நடந்தேன். இந்தத் தடவை திரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டுக்குப் போனேன். பேக்கரி அங்கேயேதான் இருக்கிறது. பெஞ்சை எடுத்துவிட்டார்கள். மகன் நடத்துகிறார். ஆறு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதினி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

“தெரிஞ்சுமா அங்க போய் வாங்குனீக? அந்தக் காட்டிக்கொடுத்தவன் கடையிலயா?”

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவேனே, அப்படி. அவருக்கு முதலில் விளங்கவில்லை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. அப்புறம் விளங்கியது.

பிரித்த காகிதத்தின் ஓரத்தைக் கடையில் பொட்டலம் மடிக்கிற மாதிரி மடித்தார். பிறகு, “உங்க அய்யா இருக்காரா?” என்று கேட்டார்.

“இல்ல மதினி.”

“பேக்கரிக்காரரு?”

“அவரும் இல்ல.”

“எல்லாரும் போன பொறவு வந்து சொல்லுதீக.”

அவர் ஒரு பன்னை எடுத்து, திருப்பி அடியைப் பார்த்தார். நான் துணியைப் பார்ப்பது மாதிரியே பார்த்தார். மோந்தார். ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பிறகு முழுவதையும் தின்றார்.

“இனிப்பு கூடத்தான் போட்டிருக்கான்” என்றார்.

இன்னொன்றை எடுத்து, எனக்கு நீட்டாமல், அதையும் அவரே தின்றார்.